சாமானியன் கைக்கு வந்த 600 மிமீ: ஒரு லென்ஸின் வரலாறு

காட்டுயிர்களைப் படம் பிடிக்க ஆசைப்படுகிற எவருக்கும் முதல் எதிரி தூரம்தான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மீன்கொத்தி, சாதாரண கேமராவில் ஒரு நீலப் புள்ளியாகத்தான் விழும். உடனே நீளமான டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் மேல் ஆசை வந்துவிடும். கடைக்குப் போனால் 100-400, 150-600, 200-500 என்று வரிசையாக எண்கள். விலையோ ஒரு பைக் வாங்கும் விலை! இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

தோலுக்குள் ஒளிந்த காலம்

நல்ல லென்ஸ் இல்லாத காலத்தில் மனிதன்தான் விலங்கின் பக்கத்தில் போகவேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-ல் பறவைக் கூடுகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். 1895-ல் வந்த அவர்களுடைய பறவைக் கூடுகள் பற்றிய புத்தகத்தில் எல்லாமே புகைப்படங்கள். பறவைகளை ஏமாற்ற அவர்கள் செய்த தந்திரம் வேடிக்கையானது. ஒரு மாட்டின் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்தி, அதற்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள்!

அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ் வேறு வழி பார்த்தார். வழியில் கம்பி கட்டி, விலங்கு இடறும்போது தானாகப் படம் விழும்படி செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் இதே முறையில் புலிகளைப் பிடித்து, 1927-ல் புத்தகமே போட்டார். நம் ஊர் மா. கிருஷ்ணனும் (1912-1996) இந்த வரிசையில் வருகிறவர்தான். தானே இணைத்துச் செய்த கேமராவோடு, கும்கி யானை மேலேறியும் நடந்தும் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர்.

டெலிஃபோட்டோவும் ஜூமும்

டெலிஃபோட்டோ லென்ஸ் 1891-லேயே பிறந்துவிட்டது. இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே ஆகியோர் தனித்தனியாக இதை உருவாக்கினார்கள். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதை விரிக்கும் தொகுதி. இதனால் ஃபோகல் லென்த்தை விடக் குட்டையான குழாயிலேயே லென்ஸை அடக்க முடிந்தது.

35 மிமீ ஸ்டில் கேமராவுக்கு ஜூம் வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1959-ல் ஃபிராங்க் பேக் வடிவமைத்து வாய்க்ட்லாண்டர் விற்ற ஜூமார் (36-82 மிமீ) தான் முதல். இரண்டே வருடத்தில், 1961-ல், நிக்கான் 200-600 மிமீ ஜூமையே கொண்டுவந்துவிட்டது!

அப்படியென்றால் அப்போதே பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 600 மிமீ-ல் அதன் அபர்ச்சர் எஃப் 10.5 மட்டுமே. பின்னாளில் 64 ஐஎஸ்ஓ கலர் ஃபிலிம் போட்டாலும், உச்சி வெயிலில்கூட ஷட்டர் வேகம் சுமார் 1/150 விநாடிதான் கிடைக்கும். கையில் பிடித்து எடுக்க 1/600 வேண்டும் என்பது பொது விதி. ஆக, நீளம் இருந்தது, வெளிச்சம் இல்லை.

கதையை மாற்றிய மூன்று விஷயங்கள்

முதலாவது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் நுட்பம். 1995-ல் கேனான் 75-300 லென்ஸில் இதைக் கொண்டுவந்தது. 1998-ல் அதே நுட்பத்தோடு கேனான் 100-400 வந்தது. 2000-ல் நிக்கான் 80-400-ஐ அறிவித்தது. இவை கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். ஓடுகிற மானை நிறுத்தாது!

இரண்டாவது, டிஜிட்டல். ஃபிலிமில் எட்டாத ஐஎஸ்ஓ-வில் படம் எடுக்க முடிந்ததால், சின்ன அபர்ச்சர் பெரிய குறையாக இல்லாமல் போனது.

மூன்றாவது, போட்டி. 2013 இறுதியில் டாம்ரான் 150-600 லென்ஸை அமெரிக்காவில் 1069 டாலருக்கு அறிவித்தது. அப்போது 600 மிமீ எஃப் 4 லென்ஸ் வாங்க பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2014-ல் சிக்மா இரண்டு 150-600 லென்ஸ்களோடு இறங்கியது. 2015-ல் நிக்கானே 200-500 எஃப் 5.6-ஐ 1400 டாலருக்குக் கொடுத்தது. பெரிய பத்திரிகைக்காரர்களின் நீளம், மாதச் சம்பளக்காரருக்கும் எட்டியது இந்த இரண்டு வருடங்களில்தான். பிறகு மிரர்லெஸ் கேமராக்களுக்கு சோனி 200-600 (2019), கேனான் 100-500 (2020), நிக்கான் 180-600 (2023), கேனான் 200-800 (2023) என்று வரிசை நீண்டது.

எதை வாங்குவது?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் எல்லாம் புரிந்துவிடும். ஃபோகல் லென்த்தை அபர்ச்சர் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் துளையின் அகலம் கிடைக்கும்.

400 / 5.6 = 71 மிமீ
500 / 7.1 = 70 மிமீ
500 / 5.6 = 89 மிமீ
600 / 6.3 = 95 மிமீ
800 / 9 = 89 மிமீ
600 / 4 = 150 மிமீ

கவனித்தீர்களா? விளம்பரத்தில் எண்கள் எவ்வளவு மாறினாலும், உண்மையில் இருப்பது மூன்றே வகுப்புகள். ஏழு சென்டிமீட்டர் வகுப்பு, ஏறக்குறைய 1.4 கிலோ. ஒன்பது சென்டிமீட்டர் வகுப்பு, ஏறக்குறைய 2 கிலோ. பதினைந்து சென்டிமீட்டர் வகுப்பு, 3 கிலோவுக்கு மேல், விலை பல லட்சம். 800 மிமீ என்று எழுதியிருப்பது 600-ஐ விடப் பெரிய கண்ணாடி அல்ல. அதே அளவு ஒளியை நீளத்துக்காகச் செலவழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மிமீ?" என்பதல்ல, "எவ்வளவு எடையை, எவ்வளவு நேரம் தூக்க முடியும்?" என்பதுதான். நாள் முழுக்க நடந்து, பறக்கும் பறவைகளைத் துரத்துகிறவருக்கு 1.4 கிலோ வகுப்பு. ஜீப்பிலோ ஏரிக்கரையிலோ ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுப்பவருக்கு 2 கிலோ வகுப்பு. அதிகாலை, அடர்ந்த காடு என்றால் எஃப் 6.3-ஐ விட 5.6 கொஞ்சம் உதவும். ஆனால் வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டுமே. பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களும் குறைந்த விலையில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வைத்திருக்கும் கேமராவுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எந்த லென்ஸ் வாங்கினாலும் ஆசை அடங்காது, "இன்னும் இரண்டு அடி" என்று கால் முன்னே போகும். கூட்டுக்கு மிக அருகில் ஆள் வந்தால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். கியர்ட்டன் சகோதரர்களுக்கு அருகில் போவதைத் தவிர வழியில்லை. இன்று 600 மிமீ வாங்குகிறவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவர் காசு கொடுத்து வாங்குவதே அந்தத் தூரத்தைத்தான்.