ரேஷன் கோதுமையும் நம்ம வீட்டு தோசைக்கல்லும்

கோதுமை தோசையை ஆராய்ச்சிக்குரிய விஷயமா யாரும் நினைக்கிறதில்லை. மாவு அரைக்க மறந்த அன்னிக்கு அவசரத்துக்குச் சுடுவது, அவ்வளவுதான். ஆனால் அரிசியும் கம்பும் கேழ்வரகும் புழங்கிய தமிழ்நாட்டு வீடுகளில் கோதுமை எப்படி அன்றாடச் சாமானாக ஆனது என்று தேடினால், இரண்டு தட்டுப்பாட்டுக் காலங்கள் வந்து முன்னால் நிற்கின்றன.

முதலாவது, இரண்டாம் உலகப்போர். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதுவரை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதை நம்பியிருந்த பகுதிகளில் மெட்ராஸ் மாகாணமும் ஒன்று. கப்பல் நின்றது, 1943ல் சென்னைக்கு ரேஷன் வந்தது. 1946 தொடக்கத்தில் நாடு முழுக்க அளவைக் குறைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 அவுன்ஸ் தானியம் என்றிருந்தது 12 அவுன்ஸ் ஆனது.

12 அவுன்ஸ் என்றால் 340 கிராம். கணக்குப் போட்டால் சுமார் 1,200 கலோரி. பருப்பு, எண்ணெய், காய் வாங்க வசதி இருந்தவர்கள் மீதியை நிரப்பிக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்களுக்கு நாள் முழுக்க அதுதான். அதிலும் எல்லாமே அரிசி கிடையாது.

அப்போது பெரும்பாலான வீடுகளில் சப்பாத்திப் பலகை ஏது? இருந்தது ஏந்திரம், ஆட்டுக்கல், தோசைக்கல், உலைப்பானை. கோதுமையை ஏந்திரத்தில் உடைத்தால் ரவை. உப்புமாவோ கஞ்சியோ ஆகும். மாவாக்கிக் கரைத்து ஊற்றினால் தோசை. என் தொழில் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸை மாற்றிவிட்டு ஸ்கிரீனை அப்படியே விட்டு வைப்பது மாதிரி. தட்டில் விழுவது தோசை மாதிரி இருந்தால் பிள்ளைகளும் முரண்டு பிடிக்காமல் சாப்பிடும்.

1952ல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கொஞ்ச காலம் மூச்சு விட முடிந்தது.

இரண்டாவது, 1965ம் 66ம். அடுத்தடுத்து இரண்டு வருஷம் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1966ல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன். அதற்கு முந்தைய வருஷமே பிரதமர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று மக்களைக் கேட்டிருந்தார். திங்கட்கிழமை ராத்திரி பல ஹோட்டல்கள் அடுப்பு மூட்டவில்லை.

ஒரு வேளையை விடுவது நம் வீடுகளுக்குப் புதுசு இல்லை. அதை யார் விட்டார்கள் என்பதுதான் கேள்வி. ஆளுக்கு இவ்வளவு என்று ரேஷன் கார்டு பங்கு போட்டது கடை வரைக்கும்தான். வீட்டுக்குள் பங்கு போட்டது அகப்பை பிடித்த கை. வேலைக்குப் போகிறவருக்கு முதலில், அப்புறம் பிள்ளைகள், பெரியவர்கள், கடைசியில் பரிமாறியவள். பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம். பானையில் மிச்சம் இருந்தால் அவளுக்குச் சோறு; இல்லாவிட்டால் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆவணத்தில் 12 அவுன்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் அவள் வயிற்றுக்குப் போனது 12 அவுன்ஸ் இல்லை. எந்த பட்ஜெட்டிலும் காட்டாத மானியம் அது. அந்த மானியத்தின் மேல்தான் ரேஷன் ஓடியது.

1967 தேர்தலைப் பற்றிப் பேசும்போது நாம் மொழிப் போராட்டத்தையே அதிகம் பேசுகிறோம். அது பெரிய காரணம், சந்தேகமில்லை. ஆனால் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னதைக் கவனியுங்கள். மெட்ரிக் அளவைகள் வந்துவிட்ட காலம் அது. இருந்தும் வாக்குறுதி கிலோவில் வரவில்லை, படியில் வந்தது. ஒரு படி அரிசி சுமார் ஒன்றரை கிலோ. ஆனால் தினமும் அரிசிப் பானைக்குள் கையை விட்டு, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று அளந்து பார்த்தவளுக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்சி மாறியது. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி இருந்தால் அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். எல்லாருக்கும் போட்ட பிறகு நீங்க என்ன சாப்பிட்டீங்க என்றும் கேளுங்கள். அதைக் குறித்து வையுங்கள். வேறு எங்கேயும் அது பதிவாகவில்லை.