காவிரிப் படுகையில் கூட்டு நடையும் சைக்கிள் இயக்கமும்: 1930 முதல் இன்று வரை

தஞ்சை வட்டாரத்தில் நடப்பதையும் சைக்கிள் ஓட்டுவதையும் பொதுக் காரியமாக்கிய முயற்சிகளுக்கு நூறாண்டை நெருங்கும் வரலாறு உண்டு. உப்புச் சட்டத்தை மீறுவதற்காக 1930இல் நடந்த வேதாரண்யம் யாத்திரை, நிலத்துக்காகவும் மண்ணுக்காகவும் நடந்த நடைபயணங்கள், அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகிய அறிவொளி இயக்கம், அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், இன்றைய நலநடைகள் ஆகியவை அதன் முக்கியக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் கூட்டமாகச் சாலையில் இறங்கினர். ஏதோ ஒன்றைப் பெற்றனர். ஆனால் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் சாலையிலேயே இடம் வேண்டும் என்ற கோரிக்கை எந்தக் கட்டத்திலும் மையத்துக்கு வரவில்லை. அந்த இடைவெளி எப்படி நேர்ந்தது என்பதை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

நிலமும் வழிகளும்

கல்லணைக்குக் கிழக்கே காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலை நோக்கிச் சரியும் நிலம் ஏறக்குறைய மட்டமானது. மேடு ஏற வேண்டியதில்லை. ஊருக்கும் ஊருக்கும் தொலைவும் அதிகமில்லை. ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் வயல் வரப்பும்தான் இங்கே நெடுங்காலம் வழிகளாக இருந்தன. நடவுக்குப் போகும் பெண்கள், நாற்றுமுடி சுமப்பவர்கள், தண்ணீர் முறை பார்க்கப் போகும் விவசாயிகள் என எல்லோரும் இந்தக் கரைகளையே நம்பினர். மழைக்காலத்தில் களிமண் வழுக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் எதிர்க்கரை ஊர் எட்டாமல் போகும். நடப்பது எளிது, ஆனால் வழி நிலையானதல்ல என்பதே இந்நிலத்தின் இயல்பு.

கூட்டமாக நடக்கும் மரபு இங்கே விழாக்களில் வேரூன்றியது. திருவையாற்றின் ஏழூர்த் திருவிழா இதற்குச் சிறந்த சான்று. ஐயாறப்பர் பல்லக்கு திருவையாற்றிலிருந்து புறப்பட்டு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களுக்குச் சென்று திரும்பும். பின்னால் நடக்கும் மக்களுக்கு வழியிலுள்ள ஊர்கள் சோறும் நீர்மோரும் கொடுக்கும். நடப்பவரைத் தாங்குவது வழியோர ஊரின் கடமை என்ற எண்ணத்தை இத்தகைய விழாக்கள் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தன. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து வருவோருக்குச் சாலையோர ஊர்கள் தண்ணீரும் நிழலும் தருவதும் இதே வழக்கத்தின் தொடர்ச்சி. பின்னால் வந்த அரசியல் நடைபயணங்கள் இந்த வழக்கத்தின் மீதே எழுந்தன.

வேதாரண்யம் யாத்திரை, 1930

காந்தியின் தண்டி யாத்திரை ஏப்ரல் 6ஆம் நாள் முடிந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டனர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தனர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்கென்றே எழுதிய நடைப்பாட்டு வழியெங்கும் ஒலித்தது.

தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தார்ன் இந்த யாத்திரையை முடக்கத் தேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. நடப்பவர்களைத் தடுப்பதற்கு முன், அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் சிறைக்குப் போக நேரும் என்று அறிவித்தார். நடைபயணத்தின் உயிர் வழியோர ஊரின் ஆதரவில் இருக்கிறது என்பதை அவர் சரியாகவே கணித்திருந்தார். ஆனால் ஊர்கள் பின்வாங்கவில்லை. கும்பகோணத்தில் தொண்டர்களுக்கு இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறை சென்றார். வெளிப்படையாகப் பந்தி வைக்க முடியாத இடங்களில் மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கொடுத்தவர் யார் என்று காவலர்கள் அறிய வழியில்லை. வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களைத் தாங்கினார். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளி இராஜாஜி கைதானார்.

போகும் ஊர்களில் தெருக்களைப் பெருக்குவதும் தீண்டாமைக்கு எதிராகப் பேசுவதும் யாத்திரையின் வேலைகளாகவே இருந்தன. ஆகவே அது கடற்கரையை அடைவதற்கான பயணம் மட்டுமன்று. வழியிலிருந்த ஊர்களைத் தன்னுள் இழுத்துக்கொண்ட நிகழ்ச்சி. வேதாரண்யத்தின் நினைவுத் தூணும், ஏப்ரலில் திருச்சியிலிருந்து புறப்படும் நினைவு யாத்திரையும் அந்த நினைவைக் காத்து வருகின்றன.

கோரிக்கைகளைச் சுமந்த நடை

வேதாரண்யத்துக்குப் பின் நடைபயணம் எல்லாத் தரப்பாருக்கும் கருவியாயிற்று. கட்டாய இந்திக்கு எதிரான தமிழர் பெரும்படை 1938 ஆகஸ்டு 1 அன்று திருச்சி உறையூரிலிருந்து கிளம்பி, செப்டம்பர் 11 அன்று சென்னையை அடைந்தது. அதில் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மயிலாடுதுறை அருகிலுள்ள மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையாரும் முன்னின்றனர். ஒரு பெண் அரசியல் காரணத்துக்காக நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் நடந்து ஊர் ஊராகப் பேசியது அக்காலத்தில் அரிய செயல்.

விடுதலைக்குப் பின் வினோபா பாவேயின் பூமிதான யாத்திரை 1956-57இல் தமிழகத்தில் நடந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், சர்வோதயத் தொண்டர்களான எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சையிலேயே தங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் கேட்டு ஊர்களில் நடந்தனர். அந்தப் பணி 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பாக உருப்பெற்றது. 1990களில் நாகை கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகி நிலமும் நிலத்தடி நீரும் உவர்ப்பானபோது, நடைபயணமும் மறியலும் மீண்டும் தொடங்கின. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடற்கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இயற்கை வேளாண்மைக்காக நடந்தவர் கோ. நம்மாழ்வார். திருக்காட்டுப்பள்ளி அருகே இளங்காட்டில் 1938இல் பிறந்த அவர், பூம்புகாரிலிருந்து கல்லணை வரை உழவர்களைச் சந்தித்துக்கொண்டே நடந்தார். டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிரான பரப்புரையின்போது, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியதற்கு இத்தகைய பரப்புரைகள் உருவாக்கிய பொதுக்கருத்தும் காரணம்.

இந்த நடைபயணங்கள் எல்லாவற்றிலும் நடை வழிமுறையாகவே இருந்தது. உப்பு, மொழி, நிலம், நீர் ஆகியவை கோரிக்கைகள். நடப்பவரின் வசதி கோரிக்கையாக எழவில்லை. அன்றைய சாலைகளில் வண்டிகள் குறைவு என்பதால் அதற்கான தேவையும் உணரப்படவில்லை.

சைக்கிள் ஊருக்குள் வந்த விதம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சைக்கிள் இறக்குமதிச் சரக்கு, வசதியுள்ளவர் பொருள். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டதும், வடக்கே அட்லஸ், ஹீரோ ஆலைகள் 1950களில் எழுந்ததும் நிலைமையை மாற்றின. டெல்டாவின் மட்டமான கரைகள் சைக்கிளுக்கு வாய்ப்பாக அமைந்தன. பால் கேனும் நெல் மூட்டையும் புல்லுக்கட்டும் மீன் கூடையும் கேரியரில் ஏறின. சைக்கிள் வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் நோட்டில் பெயரும் எடுத்த நேரமும் எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் கொடுப்பார். சீட்டில் உட்காரக் கால் எட்டாத சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினர்.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் ஆண்களோடு நின்றது. பெண்கள் நடந்தார்கள், அல்லது பேருந்துக்குக் காத்திருந்தார்கள், அல்லது கேரியரில் உட்கார்ந்து போனார்கள். சைக்கிள் இருந்த வீட்டிலும் அது பெண்ணின் கைக்கு எட்டவில்லை. இந்தத் தடையை உடைத்த இயக்கம் டெல்டாவின் தெற்கு விளிம்பில் பிறந்தது.

புதுக்கோட்டை அறிவொளி

புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் திருச்சி, தஞ்சை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைந்தது. அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மற்றவை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. நாடெங்கும் 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக, 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஆகியோரின் கூட்டு உழைப்பு அது.

எழுத்தறிவோடு சைக்கிளைச் சேர்த்தது ஆட்சியரின் முடிவு. காரணம் நடைமுறை சார்ந்தது. பாடம் சொல்லும் பெண் தொண்டர்கள் இரவில் பக்கத்து ஊர்களுக்குப் போய்வர வேண்டும், பேருந்து கிடையாது, ஒவ்வொரு முறையும் ஓர் ஆணைத் துணைக்கு எதிர்பார்த்தால் வேலை நடக்காது. முதலில் பெண் தொண்டர்கள் பழகினர். பின்னர் கற்க வந்த பெண்களும் சைக்கிள் கேட்டனர். அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள், ஆசிரியைகள் ஆகியோர் சைக்கிள் வாங்கக் கடன் வசதி செய்யப்பட்டது. கல்குவாரித் தொழிலாளிகளும் ரத்தினக்கல் பட்டை தீட்டும் பெண்களும் சேர்ந்தனர். சைக்கிள் பழகச் சொல்லும் பாட்டுகள் கலைக்குழுக்கள் வழியே ஊர் ஊராகப் பரவின.

இயக்கத்தின் பலம் அதன் பொது நிகழ்ச்சிகளில் இருந்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் அணிவகுத்தனர். போட்டியும் காட்சியுமாக நடந்த விழாக்களில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினர் என்றும், ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் பழகினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்தார். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்தின் ஊரகப் பெண்களில் இது நாலில் ஒரு பங்குக்கு மேல். பெண்கள் சைக்கிள் விற்பனை ஓராண்டில் 350 விழுக்காடு கூடியதாக ஒரு விற்பனையாளர் அவரிடம் சொன்னார்.

தனியாக ஒரு பெண் சைக்கிள் எடுத்தால் ஊர் கேலி பேசும்; நூறு பேர் ஒரே மைதானத்தில் ஓட்டினால் கேலிக்கு இடமில்லை. இயக்கம் கூட்டத்தைக் கேடயமாக்கியது. ஆண்கள் சைக்கிளைப் பெண்களே விரும்பி வாங்கியதும் நடந்தது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பது ஒரு காரணம்; குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது இன்னொன்று. பின்னால் தண்ணீர்க் குடம் அல்லது விற்பனைச் சரக்கு, முன்னால் குழந்தை எனப் பயணம் அமைந்தது. சந்தைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. அதிக ஊர்களுக்குப் போய் விற்க முடிந்தது. இந்த வருமானத்தைவிடத் தன்மதிப்பையே பெண்கள் முதன்மையாகச் சொன்னதாகச் சாய்நாத் எழுதினார்.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அறிவொளியின் வேகம் பின்னர் தணிந்தாலும், சைக்கிள் ஓட்டும் பெண் விந்தைக் காட்சியாக இருந்த நிலை அந்த மாவட்டத்துக்குத் திரும்பவில்லை.

அரசுத் திட்டமும் நலநடையும்

இயக்கம் திறந்த வழியில் அரசுத் திட்டம் நடந்தது. தமிழக அரசு 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிந்தது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் தொலைவிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போக அது துணையாயிற்று. பீகார் 2006இல் தொடங்கிய இதுபோன்ற திட்டத்தால் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வு காட்டியது.

பொது நிகழ்ச்சிகளும் தொடர்கின்றன. செப்டம்பர் 15ஐ ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அண்ணா பெயரில் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. வயதுக்கேற்ப 10 முதல் 20 கிலோமீட்டர் வரை மாணவ மாணவியர் ஓட்டுகின்றனர். சுகாதாரத் துறையின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறிக்கப்பட்டது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பெருகிய நிலையில், நடை மருந்தாகப் பார்க்கப்படுகிறது. கோரிக்கையைச் சுமந்த நடை இங்கே உடல்நலத்துக்கான நடையாக மாறியிருக்கிறது.

சாலை என்ற எச்சம்

இதே காலத்தில் டெல்டாவின் சாலைகள் வேறு திசையில் வளர்ந்தன. தேசிய நெடுஞ்சாலைகளின் சில பகுதிகள் நான்கு வழியாயின. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வீடுதோறும் வந்தன. பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் கதிர் அறுக்கப் போகும் பெண்ணின் நடையும் லாரியும் பேருந்தும் விரையும் சாலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. விலையில்லா மிதிவண்டி கையில் இருந்தும், அதை ஓட்டிச் செல்லத் தனிப்பாதை இல்லை.

ஒப்பீட்டுக்கு, ஆற்று முகத்துவார மட்டநிலமான நெதர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 1971இல் ஏறத்தாழ 3,300 பேர் சாலை விபத்தில் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோரும் இளைஞரும் குழந்தைச் சாவை நிறுத்து என்று சாலைகளை மறித்தனர். 1975இல் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் அமைந்தது. கோரிக்கை சாலையைப் பற்றியதாகவே இருந்ததால், கிடைத்ததும் சாலையில் தனிப்பாதையாயிற்று. இந்தியாவில் 2013 நவம்பரில் குர்கானில் தொடங்கிய, சாலையில் வண்டிகளை விலக்கி நடப்போருக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிடும் ‘ராஹ்கிரி’ ஞாயிறுகளும், நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தந்து 2014இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கையும் அந்தத் திசையில் வைத்த அடிகள்.

காவிரிப் படுகையின் வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, கூட்டு நிகழ்ச்சி தடையை உடைக்கும் என்பது. வேதாரண்யத்தில் அச்சத்தையும் புதுக்கோட்டையில் கேலியையும் அது உடைத்தது. இரண்டாவது, நிகழ்ச்சிக்குப் பின் கைவசம் நிற்பது எது என்பதைப் பொறுத்தே பயன் நீடிக்கும் என்பது. புதுக்கோட்டையில் கடனும் சொந்த சைக்கிளும் நின்றன. பள்ளித் திட்டத்தில் ஆண்டுதோறும் புதிய சைக்கிள் வருகிறது. ஆண்டுக்கொரு போட்டியும் மாதமொரு நலநடையும் நிலைத்த பயன் தர வேண்டுமானால், அவை பள்ளிக்குப் போகும் சாலையில் ஓரப்பாதையும், ஊர் முகப்பில் பாதுகாப்பான கடவையும், ஆற்றங்கரைகளில் உறுதியான நடைவழியும் கேட்கும் நிகழ்ச்சிகளாக விரிய வேண்டும். சைக்கிளைப் பெற்றுத் தந்த இயக்க மரபுக்கு, அது ஓடும் சாலையைக் கேட்பதே அடுத்த கட்டம்.