பிள்ளைப்பேற்றுக் காசை யார் கட்டியது?



போன கிழமை எங்கட பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்தார். மனைவிக்கு மூன்று மாதம். "சேர், பிறைவேட்ல காட்டுறதா, கவர்மெண்ட்லயா? எல்லாரும் பிறைவேட் எண்டுதான் சொல்றாங்க. அப்பிடியெண்டா நகையை அடகு வைக்கணும்" என்றார். நான் டொக்டர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். அவருக்குச் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. இந்த நாட்டில் ஒரு பிள்ளை பிறக்கிற செலவை இதுவரை யார் யார் கட்டினார்கள்?

மார்க்கத்தில் இதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. தலாக் சொல்லப்பட்டவளாக இருந்தாலும், கர்ப்பிணி என்றால் பிள்ளை பெறும்வரை அவளுக்குச் செலவழிக்க வேண்டும் என்று சூரத்துத் தலாக் சொல்கிறது. ஆனால் பொறுப்பு இருப்பது வேறு, கையில் காசு இருப்பது வேறு.

எங்கட உம்மும்மாமாரின் காலத்தில் பிரசவம் வீட்டில்தான். ஒஸ்தா மாமி வருவார், அல்லது ஊர் மருத்துவிச்சி வருவார். கூலி அரிசி, தேங்காய், ஒரு சீலை, வசதிக்கேற்ற காசு. நாற்பது முடியும்வரை வந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். எத்தனையோ பேரை அந்தக் கைகள்தான் இந்த உலகத்தில் ஏந்தின. ஆனால் இரத்தம் நிற்காமல் போனபோதும், வலிப்பு வந்தபோதும், பிள்ளை பெற்று மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியபோதும் அவர்களிடம் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். சுமார் ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். வருடத்துக்கு நூறு பிள்ளை பிறக்கிற ஊரில் இரண்டு ஜனாஸா. பிரசவத்தில் மௌத்தாகிறவள் ஷஹீத் என்ற ஹதீஸைச் சொல்லி நம் மக்கள் ஆறுதல் பட்டார்கள். அது மௌத்தானவளுக்குக் கிடைக்கும் கூலி பற்றிய செய்தி. உயிரோடு இருப்பவளைக் காப்பாற்றாமல் விடுவதற்கு அதில் அனுமதி இல்லை.

குடும்பத்துக்கு வெளியே இருந்து இந்தச் செலவை ஏற்றவர்களில் முக்கியமானவர் ஒரு தனவந்தர். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மருத்துவமாதுகளைப் பயிற்றும் இடமாகவும் அது ஆனது. பெரிய தர்மம்தான். ஆனால் அக்கரைப்பற்றில் வலி எடுத்தவளுக்குக் கொழும்பு எவ்வளவு தூரம்?

அடுத்து, முதலாளி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பேறுகாலத்தில் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் பெண்ணுக்குக் காசு கிடைக்க வழி பிறந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் இருக்கும் தாய்க்கு 6 வாரம்தான் என்ற பிற்கால விதி, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் எல்லாப் பேற்றுக்கும் 12 வாரம் என்று மாறியது. அதோடு, முதலாளி என்று ஒருவர் இல்லாதவள் என்ன செய்வாள்? மருதமுனையில் வீட்டிலேயே தறி நெய்கிறவளுக்கும், கணவனோடு வயலில் இறங்குகிறவளுக்கும் யார் கட்டுவது?

அதற்கான பதில் 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கே அமைந்தது. இன்றைய எம்.ஓ.எச். காரியாலயங்களுக்கு அதுதான் மூத்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாதுக்கு ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது, சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. இந்தச் சம்பளம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் கருத்து. வீட்டுக்காரரின் கையைப் பார்க்கத் தேவையில்லாதவள் ஏழை வீட்டுக்கும் போவாள், பிரசவத்துக்கு முன்னரும் போவாள். கால் வீங்கியிருக்கிறதா, முகம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஆபத்து என்றால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள்.

1931இல் பெண்களுக்கும் சேர்த்து வாக்குரிமை வந்தது. ஆஸ்பத்திரி கேட்கிற மக்களின் குரலுக்கு அரசியல்வாதி காதுகொடுக்க வேண்டி வந்தது. 1934-35 மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோன பிறகு கிராமப்புறச் சுகாதாரத்தை யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

1950 அளவில் ஒரு இலட்சத்துக்கு 2,000க்கு மேல் இருந்த எண்ணிக்கை சுமார் 500 ஆகியது. 2010களில் சுமார் 30 முதல் 40 வரை. முழுப் புகழும் மருத்துவமாதுக்கு மட்டும் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. பெனிசிலின், இரத்தம் ஏற்றும் வசதி, மலேரியா ஒழிப்பு, பாதைகள், பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்ந்த விளைவு இது. ஆனால் இவற்றை வாசற்படிவரை கொண்டுவந்தது அந்தப் பெண்தான்.

இனி நாம் அதிகம் பேசாத ஒரு விசயம். அரசாங்கம் கட்டியது என்கிறோம். அரசாங்கத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் பெரும் பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியிலும் அதன் மீதான தீர்வையிலும் நின்றது. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகள் மலையகப் பெண்களுடையவை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமை ஆகும்வரை அவர்களுடைய வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. நாட்டின் மற்றத் தாய்மாருக்குக் கிடைத்த கவனிப்பு லயத்துக்குப் போய்ச்சேர நீண்ட காலம் பிடித்தது. எங்கட உம்மாமாரின் பிரசவத்துக்குப் பங்கு கட்டியவள் தன் பிரசவத்தில் தனித்து நின்றாள். இது நம் எல்லார் தலையிலும் உள்ள கடன்.

இலவசம் என்று ஒன்று இல்லை. யாரோ கட்டுகிறார்கள், நாம் பில்லைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பில் எவ்வளவு பெரியது என்று கொஞ்சம் விளங்கியது. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனால், ஆஸ்பத்திரியில் குறை இருந்தாலும் கேட்பதற்குக் குரல் உள்ளவர்கள் மிஞ்ச மாட்டார்கள். பிறகு நகையே இல்லாதவள் எதை அடகு வைப்பாள்?

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். "மகன், முதல்ல உங்கட ஏரியா மிட்வைஃப் மிஸ்ஸிட்டப் போய்ப் பதியுங்க. கிளினிக் ஒன்றும் தவறாமப் போங்க. டொக்டர் வேற ஏதும் சொன்னா அப்ப யோசிக்கலாம். மதிப்புக்காக மட்டும் நகையை அடகு வைக்க வேணாம்."

இன்றைக்கு வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைக் கையில் வாங்கியது யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று. கேட்டதைக் கீழே எழுதுங்கள். அந்தப் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.