வ.உ.சி.யின் அரசியல் நிலைப்பாட்டு மாற்றங்கள்

கரிசல் பூமியான ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழர் என்று மாணவர்கள் அனைவரும் அறிவர். அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் மாறிய வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

திலகரைத் தலைவராக ஏற்ற வ.உ.சி., 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு அரச நிந்தனை வழக்கில் தண்டனை பெற்று, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தைக் காங்கிரஸ் ஏற்றது. நீதிமன்றங்களையும் சட்டசபைகளையும் புறக்கணிக்கச் சொன்ன அத்திட்டத்தில் வ.உ.சி.க்கு உடன்பாடில்லை, காங்கிரசிலிருந்து விலகினார். சிறைத் தண்டனையால் இழந்த வழக்கறிஞர் உரிமத்தை நீதிபதி வாலஸின் உதவியால் திரும்பப் பெற்று, கோவில்பட்டியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அந்த நன்றியால் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் நேர்மையை மதிக்கத் தயங்கவில்லை.

1927இல் மீண்டும் காங்கிரசில் சேர்ந்து, சேலம் மாவட்ட அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். திரும்பி வந்தபோதும் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிராமணர் - பிராமணரல்லாதார் பிணக்கை வெளிப்படையாகப் பேசினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை ஆதரித்தார்.

இதை முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. வழிமுறையில்தான் மாற்றம், நாட்டு விடுதலை என்ற நோக்கத்தில் இல்லை. ஆகவே ஒரு தலைவரின் கருத்தைப் படிக்கும்போது, அவர் அதை எந்த ஆண்டில், எந்தச் சூழலில் சொன்னார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.