முன்பணமும் சிறைவாசமும்

இருவர் மனமொப்பிச் செய்யும் ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாகாது. அதுவே தனிமனித சுதந்திரம் என்பர் மேனாட்டறிஞர் சிலர். கேட்க இனிதே. நம் நீலகிரித் தோட்டங்களின் வரலாறோ வேறு கூறுகிறது.

கோயம்புத்தூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் நம் முன்னோர் பலர் மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றே மலையேறினர். ஒப்பந்தத்தை மீறியவர் நட்டஈடு கொடுப்பதே பொது நியதி. ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் அது குற்றமாயிற்று. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டப்படி, முன்பணம் பெற்று வேலையை விட்டவரை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது வேலைக்குத் திரும்ப வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலியைக் கொடாத துரைக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை! அதுவும் போதாதென்று 1903இல் தோட்ட முதலாளிகளுக்கென்றே சென்னை மாகாணத்தில் தனிச்சட்டம் பிறந்தது. அரசு ஒதுங்கியா நின்றது? முதலாளியின் பக்கமல்லவா நின்றது!

முந்திய சட்டம் 1925இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. மற்றதும் பின்னர் ஒழிந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், மருத்துவம், வீடு ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. ஆயினும் லைன் வீடு தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும். "பிடிக்காவிடில் விலகிக்கொள்" என்னும் சுதந்திரம் எத்தகையது என்பதை, இளைஞர்களே, ஓய்வுபெறும் நாளை எண்ணியிருக்கும் தொழிலாளி ஒருவரிடம் கேட்டறியுங்கள்.