மண்ணுல எழுப்புன கோட்டை

எங்க ஓட்டப்பிடாரத்து டீக்கடையில கட்டபொம்மன் பேச்சு வந்துட்டா, யாராவது ஒருத்தர் சிவாஜி மாதிரி கர்ஜிக்காம விட மாட்டாங்க. 1959-ல் வந்த படம் அப்படி.

"வசனமெல்லாம் சரி அண்ணாச்சி, படத்துல வர்ற கல்கோட்டை எங்க போச்சு?"ன்னு கேட்டான் ஒரு இளவட்டம்.

"அது ஜெய்ப்பூர்லயே இருக்குப்பா!"

கடையே சிரிச்சது. உண்மைதான், வெளிப்புறக் காட்சிகளை ஜெய்ப்பூரில்தான் எடுத்தாங்க. பக்கத்துல பாஞ்சாலங்குறிச்சியில் நின்றது மண்கோட்டை.

1799 அக்டோபர் 16, கயத்தாறு தூக்கோடு படம் முடிஞ்சிரும். சண்டை முடியல. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். வெள்ளைக்காரன் இடிச்சுப்போட்ட கோட்டையை ஜனங்க சில நாள்லயே திரும்ப எழுப்பிட்டாங்க. மார்ச் 31-ல் வந்து மோதின கும்பினிப் படை அடிவாங்கித் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகுதான் மே 24-ல் கோட்டை விழுந்தது. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷே, 1830-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கார். நவம்பர் 16-ல் அவரையும் தூக்கில் போட்டாங்க.

கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு ஊர்ல சொல்வாங்க. விதைப்பைக்கூடத் தண்டனையா ஆக்கியிருக்கான் பாருங்க!

இப்ப இருக்கிற கோட்டை 1974-ல் அரசு கட்டியது. வர்றவங்க அதுமுன்னால போட்டோ எடுத்துட்டு அப்படியே கிளம்பிராதீங்க. பக்கத்துலயே பழைய கோட்டையோட அடித்தளம் இருக்கு. சினிமாவுக்குக் கல்கோட்டை வேண்டியிருந்தது. எங்க ஜனங்களுக்குக் கரிசல் மண்ணே போதுமா இருந்திருக்கு.