பொட்டலம் கட்டுவோரின் கதை



அந்நாளில் தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட்டை எப்படித் தரம் பிரித்தார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தூசும் குமிழும் உண்டா என்று பார்த்த பிறகே பேல் கட்டினார்கள். கணினியில் ஓடும் மென்பொருளையும் அப்படிச் சோதித்துக் கட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. அவர்களின் வரலாற்றை இன்று காண்போம்.

1991-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்பதை எழுதி வெளியிட்டார். எவரும் எடுத்துத் திருத்திக் கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் லினக்ஸ் வண்டிக்கு இஞ்சின் மாதிரி. இஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியுமா? கடிதம் எழுத, படம் பார்க்க, அச்சடிக்க என்று எத்தனையோ உறுப்புகள் வேண்டும். அவற்றை எழுதியவர்களோ ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். ஒன்றோடொன்று பொருத்த முடியாமல் பலரும் திண்டாடினார்கள்.

1993 ஆகஸ்டு 16-இல், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் ஐயன் மர்டாக், 'டெபியன்' என்ற கூட்டு முயற்சியை அறிவித்தார். தம் பெயரையும் தாம் விரும்பிய டெப்ராவின் பெயரையும் சேர்த்துச் சூட்டிய பெயர் அது. இதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலம். இன்னின்ன பொட்டலங்கள் கூட வேண்டும் என்ற சீட்டு அதனுள்ளேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்று எம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். பெரும்பாலோர் தொண்டர்களே.

பொட்டலம் கடக்க வேண்டிய வாசல்கள் மூன்று. முதல் வாசலுக்கு 'சிட்' என்று பெயர். 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது. அங்கே சில நாள் பெருங்கோளாறின்றி இருந்தால், 'சோதனை' வாசலுக்குப் போகும். பல மாதங்களுக்குப் பிறகே 'நிலையானது' என்ற மூன்றாம் வாசல். வீட்டுக் கணினியும், அலுவலகங்களில் இரவு பகலாய் ஓடும் சர்வரும் இதை நம்புகின்றன. டெபியனிலிருந்து 2004-இல் பிறந்த உபுண்டுவின் மேல்தான் இன்று பல ரோபோக்களும் இயங்குகின்றன.

இத்தனை காவல் இருந்தும் 2006-இல் ஒரு தவறு நுழைந்தது. இரகசியச் சாவிகளை உருவாக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' பொட்டலத்தில், சோதனைக் கருவி குறை சொன்ன இரு வரிகளைப் பொறுப்பாளர் நீக்கினார். மூல ஆசிரியர்களைக் கேட்டுவிட்டே செய்தார். அவரை அசட்டையானவர் என்று நாம் சொல்ல மாட்டோம். மென்பொருள் நன்றாகவே ஓடியது. ஓடுகிறதா என்று பார்த்தவர்களுக்குக் குறை தென்படவில்லை. ஆனால் எண்ணற்ற விதமாய் அமைய வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000-க்குள் அடங்கிவிட்டன. திருடன் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம்! 2008 மே மாதத்தில்தான் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து வெளிவந்தது. அதுவரை செய்த சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுப் புதிதாய்ச் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்தது தவறன்று, சதி. 'எக்ஸ்-இசட்' என்ற சிறு மென்பொருளில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்றார். பிறகு 2024 தொடக்கத்தில், சர்வருக்குள் புகும் திருட்டு வழியைச் செருகினார். எங்கே ஒளித்தார் தெரியுமா? சோதனைக்கென்று வைத்த கோப்புகளுக்குள்ளேயே! பொட்டலம் கட்டும் நேரத்தில் மட்டும் அது விழித்துக்கொள்ளும்.

ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், 'சிட்' வாசலில் வேறொரு மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். நம்மில் பலர் அரை வினாடிதானே என்று விட்டிருப்போம். அவர் தோண்டிப் பார்த்து, மார்ச் 29-இல் உலகுக்கு அறிவித்தார். அப்போது அந்தப் பொட்டலம் 'சோதனை' வாசல்வரை வந்திருந்தது. மூன்றாம் வாசலைத் தொடவில்லை.

டெபியன் தொண்டர்கள் உடனே பழைய 5.4.5-ஐத் திரும்ப வைத்தார்கள். ஆனால் பொட்டலத்தின் எண் முன்னேறித்தான் போக வேண்டும், பின்னே வரக் கூடாது. எனவே அதன் மேல் இட்ட எண், '5.6.1, உண்மையில் 5.4.5'.